பழனி மலை வரலாறு – 17: காய்ச்சல் எட்டாத உயரம்

சென்ற அத்தியாயத்தை 1845-ஆம் ஆண்டில், சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளின் வாசலில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்க மதுரை மிஷன் கட்டிய அந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் கொடைக்கானல் என்ற ஊர் தொடங்குகிறது. மாட்டு வண்டிகூட ஏற முடியாத மலையில், 7,000 அடி உயரத்தில், அத்தனை பாடுபட்டு எதற்காக வீடு கட்டினார்கள்? இன்று நாம் படகு விடும் ஏரி அன்று இல்லை. கலெக்டர் லெவிஞ்ச் அதை உண்டாக்கியது 1863-இல். சாலை இல்லை, கடை இல்லை, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. அவர்களை அங்கே ஏற்றிவிட்டது காய்ச்சல். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் காய்ச்சலின் கதைதான். 1809-இல் தொடங்கி நம் காலம் வரை வருகிறது; ஆகவே வழக்கத்தைவிடச் சற்று நீளமாகப் போகும்.

1809, 1810, 1811 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கம்பெனி அரசாங்கம் பயந்துபோய் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் விட்லா ஐன்ஸ்லி என்ற மருத்துவர். நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி ஆராய்ந்து புத்தகம் எழுதியவர் அவர். குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சாயிற்று. அக்காலத்து மருத்துவம் இந்த நோய்க்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: தேங்கிய நீரிலும் அழுகிய தழையிலும் இருந்து எழும் கெட்ட ஆவி. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். நம் அடிவாரத்து மக்களோ மலைத்தண்ணீரின் மேல் பழி போட்டார்கள். இரு தரப்பும் உண்மைக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்துவிட்டுக் கோட்டை விட்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. தேங்கிய நீரில் ஏதோ இருக்கிறது என்பது சரி. அதில் இருந்தது கொசுப் புழு. காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க 1811-இலிருந்து இன்னும் 86 ஆண்டுகள் ஆயின.

1834-இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து மதுரைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்த இடத்தில் வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களைப் படுத்தி எடுத்தன. கோடையைக் கழிக்க அவர்கள் முதலில் தேடிப் போனது கொடைக்கானலை அன்று. திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுமலையைத்தான் முதலில் நம்பினார்கள். பக்கம், ஏறுவது எளிது, குளிர்ச்சியும் உண்டு. ஆனால் குளிர் காய்ச்சல் அங்கேயும் அவர்களைப் பிடித்தது. சிறுமலை கைவிட்டது. பிறகுதான் மதுரை கலெக்டர் பிளாக்பர்ன் உதவியோடு பழனி மலையின் மேல்தளத்துக்கு ஏறினார்கள். அங்கே காய்ச்சல் இல்லை. ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று அந்தக் காரணம் தெரியும். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த பெண் அனாபிலஸ் கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. இரத்தத்தோடு உள்ளே போன மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுச் சுவரில் கட்டி கட்டியாக வளர்ந்து, வெடித்து, நூல்போன்ற உருவத்தோடு கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு வெப்பம் தேவை. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். 20 பாகையில் ஒரு மாதத்தை நெருங்கும். 16 பாகைக்குக் கீழே போனால் வைவாக்ஸ் என்ற வகையும் நின்றுவிடும். ஃபால்சிபேரம் என்ற கொடிய வகை அதற்கு முன்பே நின்றுவிடும். கொசுவுக்கோ ஆயுள் சில வாரங்கள். ஒட்டுண்ணி முற்றுவதற்குள் கொசு செத்துப்போகும். சிறுமலையின் மேட்டுநிலம் 3,000, 4,000 அடி. அங்கே ஒட்டுண்ணிக்குப் போதிய சூடு உண்டு. கொடைக்கானலில் சித்திரை வெயிலிலேயே பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. சிறுமலையில் தோற்றவர்கள் கொடைக்கானலில் பிழைத்ததற்கு இந்தச் சில பாகை வித்தியாசம்தான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்து இறங்கினேன். 1821-இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளக்க வந்தபோது தங்கியிருந்த ஊர் வெள்ளகவி. காலையில் கம்பளிச் சட்டையோடு கிளம்பினேன். வெள்ளகவியில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். கும்பக்கரையை நெருங்கும்போது சட்டையெல்லாம் வேர்வை. ஓடை ஓரத்தில் புல் சாய்ந்து கிடந்த இடத்தில், ஓட்டம் தளர்ந்து தெளிந்து நின்ற ஒரு சாண் நீரைக் குனிந்து பார்த்தேன். நீர்மட்டத்தோடு மட்டமாக, சிறு துரும்புபோலப் படுத்துக் கிடந்தன புழுக்கள். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழு இப்படித்தான் படுத்திருக்கும். இருட்டத் தொடங்கியதும் காதோரம் ரீங்காரம் கேட்டது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே அடிவாரத்தில், கிருஷ்ணம நாயக்கன் தோப்பில், மாட்டு வண்டியிலிருந்து இறங்கி டோலிக்குக் காத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

1875-இல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அதுதான் இன்றைய கொடை ரோடு. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டி, பிறகு தோப்பு, பிறகு சுமார் 12 மைல் செங்குத்தான பாதை. குதிரை இல்லாதவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மாற்றி மாற்றித் தோள் கொடுக்க ஒரு டோலிக்குப் பல பேர் தேவை. மேலே போனவர்கள் தோப்பில் ஓர் இரவு தங்கவே அஞ்சினார்கள். தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். பயணியை 7,000 அடியில் இறக்கிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, அதே தோப்புக்கு, அதே கொசுவுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். பழனி மலையின் வரலாற்றில் இந்த இடத்தை நான் சாதாரணமாகக் கடந்துபோக விரும்பவில்லை. உயரம் என்பது அன்றைக்குக் கிடைத்த ஒரே தடுப்பு மருந்து. அது ஏறத் தெரிந்தவனுக்கு அல்ல, ஏற்றிவிடப் பணம் இருந்தவனுக்கே பயன்பட்டது.

அடிவாரத்து ஊர்கள் மட்டுமில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களும், காப்பித் தோட்டங்களும், பளியர் குடியிருப்புகளும் ஒட்டுண்ணிக்கு உகந்த வெப்பத்திலேயே இருந்தன. மலைச்சரிவின் ஓடைகளில் பெருகும் ஃப்ளூவியாட்டிலிஸ் என்ற அனாபிலஸ் வகை, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நோயைப் பரப்பும் வேலையைச் செய்துவந்தது. சமவெளியில் வாய்க்காலிலும் வயலிலும் குலிசிஃபேசிஸ், ஊருக்குள் கிணற்றிலும் தொட்டியிலும் ஸ்டீபன்சி. எந்த ஊருக்கு எந்தக் கொசு என்று பங்கு பிரித்துக்கொண்டதுபோல் இருந்தன. தெற்கே பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டியபோது, 1895-இல் அது முடிவதற்குள், தொழிலாளர்களைக் காலராவோடு சேர்ந்து கொன்றதும் இதே காய்ச்சல்தான்.

மருந்து என்று ஒன்று இருந்தது: சிங்கோனா மரப்பட்டை. அதைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் நீலகிரியில் நட இடம் பார்த்தார். பழனி மலைக்கும் அவர் வந்திருக்கிறார். தம் பயண நூலில் அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த குயினைனை நம் ஊரில் கொயினா என்றார்கள். எங்கள் பாட்டிக்கு அது மாத்திரையின் பெயர் மட்டுமன்று, கசப்பின் அளவுகோல். பாகற்காயில் கசப்பு மிஞ்சிப்போனால், "கொயினா கணக்கா இருக்கு" என்பார். காய்ச்சல் வந்தவனுக்கு அது உதவியது. வராமல் தடுக்க வேண்டுமானால் ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும். கூலிக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது.

1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்பு ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்து, காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் மலைப்பாதையில் இறங்கித் தேடியிருக்கிறார். தேடிய காய்ச்சல் அவரையே பிடித்துக்கொண்டது. ஊட்டி உயரத்தில் நோய் இல்லை, சீகூர்ச் சரிவில் இருக்கிறது என்ற நம் தோப்புக் கதையேதான் அங்கேயும்.

அதன் பின் வந்த அரை நூற்றாண்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இத்தொடரில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பற்றித் தனி அத்தியாயம் வரும். விடுதலை பெற்ற ஆண்டில் இந்தியாவில் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் பேர் சாவு என்பது மதிப்பீடு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958-இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. முதுகில் பம்போடு வந்து சுவருக்கு மருந்தடித்துவிட்டுத் தேதியைக் கதவோரம் எழுதிவிட்டுப் போனவர்களை இன்றைய முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1961-இல் நாடு முழுவதும் நோயாளிகள் 50,000 என்ற அளவுக்கு இறங்கியது. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம் பேர்.

மருந்தடித்தால் கொசு பழகிக்கொள்கிறது, மாத்திரை கொடுத்தால் ஒட்டுண்ணி பழகிக்கொள்கிறது. அப்படியானால் தோப்பில் குடியிருக்கிறவனின் உடம்புக்குள்ளேயே ஓர் உயரத்தைக் கட்ட முடியுமா? தடுப்பூசியைத் தேடியவர்களின் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1967-இல் நியூயார்க்கில் ரூத் நுசன்ஸ்வெய்க் என்ற பெண் விஞ்ஞானி, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளைக் கதிர்வீச்சால் நலிவாக்கி எலிகளுக்குச் செலுத்தினார். அந்த எலிகளுக்குப் பிறகு உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொடுத்தபோது நோய் வரவில்லை. ஆக, உடம்பு கற்றுக்கொள்ளும். எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது? 1980-இல் அவருடைய குழுவே விடையைக் கண்டது: அந்த ஒட்டுண்ணியின் மேலெல்லாம் போர்த்திக் கிடக்கும் ஒரே ஒரு புரதம். ஸ்போரோசோயிட் என்ற அந்த நூல்வடிவ உருவத்தைச் சுற்றியிருப்பதால் அதைச் சுற்றுறைப் புரதம் என்று சொல்லலாம்; ஆய்வகங்களில் சிஎஸ்பி என்பார்கள்.

கொசு கடிக்கும்போது நம் தோலுக்குள் இறங்குவது பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவான ஸ்போரோசோயிட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம். தோலில் ஊர்ந்து, இரத்தக் குழாயைக் கண்டு நுழைந்து, சிறிது நேரத்தில் ஈரலை அடைந்துவிடும். ஈரலுக்குள் போன ஒன்று ஒரு வாரத்தில் பல்லாயிரமாகி வெளியே வரும். அதற்குப் பிறகுதான் குளிர் தூக்கிப்போடும். அதாவது எதிரியின் தலைகளை எண்ணிவிடக்கூடிய நேரம் அந்தச் சில நிமிடங்கள்தான். அப்போது அது போர்த்தியிருக்கும் சட்டையை உடம்பு அடையாளம் கண்டு பிடித்துவிட்டால் ஈரலுக்கே போகாது.

அந்தச் சட்டையின் மரபணுவை முதலில் படித்தது 1983-இல், பிளாஸ்மோடியம் நோலெசி என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணியில். நோலெசி நமக்கு அந்நியமில்லை. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932-இல் விவரித்துச் சொன்ன உயிரி அது. பெயரும் நோல்ஸால் வந்ததே. மறு ஆண்டு, 1984-இல், மனிதனைக் கொல்லும் ஃபால்சிபேரத்தின் சுற்றுறைப் புரதமும் எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துணுக்குகள் வரிசையாகக் கோத்த சரம். இந்தச் சரத்தின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு நம் அடிவாரத்து நிலக்கோட்டைப் பூச்சந்தைதான் கை கொடுக்கிறது. பூக்கட்டும் பெண் முதலில் ஒரு மல்லி வைக்கிறாள், அடுத்து கனகாம்பரம், மறுபடி மல்லி, பிறகு மரிக்கொழுந்து. ஒரு கண்ணி முடிந்தது. திரும்பவும் மல்லி, கனகாம்பரம், மல்லி, மரிக்கொழுந்து. கை நிற்காமல் இதையே கட்டிக்கொண்டு போகிறாள். மல்லியை ஆஸ்பராஜின் என்றும், கனகாம்பரத்தை அலனின் என்றும், மரிக்கொழுந்தை புரோலின் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1984-இல் படிக்கப்பட்ட சரத்தில் இந்தக் கண்ணி 37 முறை வந்தது. இடையிடையே நான்கு கண்ணிகளில் மட்டும் நடு இரண்டு பூக்கள் மாறியிருந்தன. உயிரியலில் இப்படி ஒரே கண்ணி இத்தனை முறை திரும்புவதைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். இதில் ஒட்டுண்ணிக்கு என்ன ஆதாயம்? உடம்பின் கவனத்தை இந்தச் சரத்தின் பக்கமே இழுத்துவைத்துவிட்டு மற்ற முக்கியமான பகுதிகளை மறைத்துக்கொள்ளும் தந்திரம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள்.

ஆனால் அந்தச் சரமே பிடியாகவும் ஆனது. அண்மைக் காலத்தில் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இந்தப் புரதத்தைப் பார்த்தவர்கள், நம் உடம்பின் எதிர்ப்பான்கள் ஒன்றை ஒன்று தோள்கொடுத்துத் தாங்கியபடி, திருகுபோலச் சுற்றிச் சரத்தை வளைத்துக்கொள்வதைக் கண்டார்கள். கண்ணிகள் ஒரே மாதிரி அடுத்தடுத்து இருப்பதால்தான் அப்படி நெருக்கமாக நிற்க அவற்றால் முடிகிறது.

சரத்தின் 19 கண்ணிகளையும் அதன் வால்பகுதியையும் வெட்டி எடுத்து, மஞ்சள்காமாலை பி வைரஸின் மேற்புரதத்தோடு ஒட்டி, ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்தார்கள். இதுதான் 1987-இல் ஸ்மித்கிளைன் நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிறுவனமும் தொடங்கிவைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி. 1997-இல் வெளிவந்த ஒரு சோதனையில், இதைச் சரியான துணைமருந்தோடு போட்டுக்கொண்ட ஏழு பேரில் ஆறு பேர் நோய்க்குத் தப்பினார்கள். பின்பு ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் 15,459 குழந்தைகளிடம் பெரும் சோதனை நடந்தது. நான்கு ஊசிகள் போட்ட பிறகும், சற்று வளர்ந்த குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் நோய் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். அம்மைக் குத்தலைப்போல எண்ணியிருந்தவர்களுக்கு இது ஏமாற்றம். ஆனால் ஓர் ஆண்டுக்குப் பலமுறை காய்ச்சல் காணும் குழந்தைக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது உயிர். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர் 6 அன்று இதைப் பரிந்துரைத்தது. ஓர் ஒட்டுண்ணிக்கு எதிராக மனிதனுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் தடுப்பூசி அது.

அடுத்தது ஆர்21. ஆக்ஸ்போர்டில் பிறந்தது; பெருமளவில் செய்வது புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட். ஆர்டிஎஸ்,எஸ்-இல் மஞ்சள்காமாலைப் புரதத்தின் பல அலகுகள் வெறுமனே இருக்கும், சிலவற்றில்தான் சரம் ஒட்டியிருக்கும். ஆர்21-இல் ஒவ்வொரு அலகிலும் சரம் உண்டு. அதனால் உடம்பின் கண்ணில் சரம் அடர்த்தியாகப் படுகிறது. பர்க்கினா பாசோ, மாலி, கென்யா, தான்சானியா நாடுகளில் 4,800 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், மழைக்காலம் மட்டும் நோய் பரவும் இடங்களில் முதல் ஆண்டில் 75 விழுக்காடு தடுத்தது. 2023 அக்டோபர் 2 அன்று இதற்கும் பரிந்துரை கிடைத்தது. ஓர் ஊசி இரண்டு முதல் நான்கு டாலர்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போகும் ஊசி புனேயில் தயாராகிறது. நம் அடிவாரத்துக் குழந்தைக்கு? இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் மலேரியா ஊசி இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. ஆண்டுதோறும் உலகில் மலேரியாவால் இறக்கும் சுமார் 6 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். முதலில் அங்கே போவதுதான் நியாயம். இன்னொரு காரணம் அந்தச் சரத்திலேயே இருக்கிறது. ஆர்21 கற்றுத் தருவது ஃபால்சிபேரத்தின் கண்ணியை. இந்தியாவில் ஃபால்சிபேரத்துக்கு இணையாகப் பரவியிருப்பது வைவாக்ஸ். அதன் சரத்தில் பூக்களும் வேறு, கண்ணியின் நீளமும் வேறு. ஒன்றைக் கற்ற உடம்புக்கு மற்றதைத் தெரியாது. வைவாக்ஸுக்கு ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும் கெட்ட பழக்கமும் உண்டு. போன வருடம் காய்ச்சல் கண்டவனுக்குக் கொசு கடிக்காமலே இந்த வருடம் திரும்ப வருவது இதனால்தான்.

வைவாக்ஸின் பூட்டைத் திறக்கப் பார்த்தவர்கள் நம்மவர்கள். டெல்லியில் சர்வதேச மரபணுப் பொறியியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் வி.எஸ். சௌஹான், சேத்தன் சிட்னிஸ், அமித் சர்மா முதலியோர் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். வைவாக்ஸ் நம் சிவப்பணுவுக்குள் நுழைய, அணுவின் மேலுள்ள டஃபி என்ற கொக்கியைப் பற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கர் பெரும்பாலோருக்கு அந்தக் கொக்கி இல்லை. அதனால் வைவாக்ஸ் அவர்களை அண்டுவது அரிது. நமக்கு உண்டு. கொக்கியைப் பற்றும் ஒட்டுண்ணிப் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை 2006-இல் இந்தக் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. இதற்கும் அவர்கள் எடுத்துக்கொண்டது அதே நோலெசியின் புரதத்தைத்தான். அந்த வடிவத்தில் ஒரு சூட்சுமம் தெரிந்தது. கொக்கியைப் பற்றும் இடம் ஒரு முகத்தில் இருக்கிறது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருக்கும் துணுக்குகள் எதிர்முகத்தில் இருக்கின்றன. ஒட்டுண்ணி வேடம் மாற்றிக்கொள்கிற பக்கம் வேறு, கை நீட்டுகிற பக்கம் வேறு. கையை மாற்றிக்கொண்டால் கொக்கியைப் பிடிக்க முடியாதே! ஆகவே அந்தக் கையைக் குறிவைக்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் படத்திலிருந்து வந்தது.

நம்பிக்கைக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள தூரம் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு உள்ளதைவிட அதிகம். அதே மையம் ஃபால்சிபேரத்தின் இரண்டு புரதத் துண்டுகளைக் கலந்து ஜெய்வாக்-1 என்று ஒரு தடுப்பூசி செய்து 45 பேரிடம் முதல்கட்டச் சோதனை நடத்தியது. ஊசியால் தீங்கு இல்லை. ஆனால் இரண்டில் ஒரு துண்டை உடம்பு கண்டுகொள்ளவே இல்லை. அதன் முடிவை 2015-இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பயனளிக்காத சோதனையையும் எழுதிவைப்பவர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அடுத்து வருகிறவன் அதே மூலையில் முட்டிக்கொள்ளாமல் இருப்பது அவர்களால்தான்.

2025 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அட்ஃபால்சிவாக்ஸ் என்ற புதிய ஊசியைப் பற்றி அறிவித்தது. புவனேஸ்வரத்திலுள்ள அதன் மையத்தில் உருவானது. மேலே சொன்ன சுற்றுறைப் புரதத்தோடு, ஒட்டுண்ணி கொசுவுக்குள் இனம் பெருக்கும் கட்டத்தில் அதன் மேலிருக்கும் புரதத் துண்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஊசி போட்டவனுக்கும் காப்பு. அவனைக் கடித்த கொசுவின் வயிற்றிலும் ஒட்டுண்ணி வளராது. குளிர் கொடைக்கானலில் கொசுவின் வயிற்றுக்குள் செய்த வேலையை, எதிர்ப்பானைக் கொண்டு செய்யப் பார்க்கிறார்கள். இதை வளர்த்தெடுக்கும் நுண்ணுயிர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். பாலை மோராகவும் பாலாடைக்கட்டியாகவும் புளிக்கவைக்கப் பயன்படும் அதே இனம். சாதாரண வெப்பத்திலேயே பல மாதங்கள் கெடாது என்கிறார்கள். அது உண்மையானால், மின்சாரமும் குளிர்பெட்டியும் இல்லாத மலைக்குடியிருப்புக்கு அதைவிடப் பெரிய செய்தி இல்லை. அறிவிப்பு வந்த நேரத்தில் மனிதச் சோதனை தொடங்கவில்லை. பொறுத்திருக்க வேண்டும்.

மிஷனரிகள் எங்கிருந்து மதுரைக்கு வந்தார்களோ அந்த இலங்கை, ஊசி இல்லாமலே மலேரியாவை ஒழித்தது. 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு அது. 1963-இல் 17 நோயாளிகள் என்ற அளவுக்கு வந்து, கண் அயர்ந்து, 1960-களின் முடிவில் மறுபடி லட்சக்கணக்கில் பார்த்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் இரத்தப் பரிசோதனையையும் மருந்தடிப்பையும் விடவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இந்தியா 2030-ஐ இலக்காக வைத்திருக்கிறது. ஊசி வரும்வரை விரல்நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தமும், மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியும், முழுதாகத் தின்று முடித்த மாத்திரையும்தான் நம் கையில் இருப்பவை.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். கொடைக்கானலுக்கு ஏறி வந்தவர்களின் பெயர்கள் வீட்டுக் கல்வெட்டிலும் கல்லறைக் கல்லிலும் மிஷன் அறிக்கைகளிலும் இருக்கின்றன. அவர்களைத் தோளில் தூக்கிவந்து, தோப்பிலேயே காய்ச்சலோடு தங்கிப்போனவர்களின் பெயர் ஒன்றுகூட இந்தத் தொடருக்காக நான் புரட்டிய தாள்களில் கிடைக்கவில்லை. பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் உங்கள் பாட்டனோ பூட்டனோ டோலி தூக்கியதாக வீட்டில் பேச்சு இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். கிடைக்கிற பெயர்களை இத்தொடர் நூலாகும்போது முதல் பக்கத்தில் அச்சிடுவோம்.

(தொடரும்)